இரண்டாவது மெர்சியின் கல்

அல்மைரா பெக் எதற்கும் பயப்பட மாட்டாள் என்றுதான் டன்ஸ்டர் ஊரே நம்பிக்கொண்டிருந்தது. ஊரைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். பிரம்பைத் தொட்டதே கிடையாது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள், மீசை அரும்பிய பையன்களே அடங்கிவிடுவார்கள். ஆனால் அவள் பயந்தாள். ஒன்பது வயதிலிருந்து அறுபத்தொன்பது வயது வரைக்கும், ஒரே ஒரு இடத்துக்கு, ஒரு நாள் விடாமல் பயந்தாள். அந்த இடம் மேட்டுப் பண்ணை.

போக்கிடம் இல்லாதவர்களுக்காக ஊர் நடத்துகிற பண்ணை அது. சாப்பாடும் கட்டிலும் உண்டு. உடம்பில் தெம்பு உள்ளவரை வேலை செய்ய வேண்டும். ‘அவ மேட்டுக்குப் போயிட்டா’ என்று டன்ஸ்டரில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். செத்துப்போனாள் என்று சொல்லும்போதுகூட அவ்வளவு தாழ்த்த மாட்டார்கள். அல்மைராவின் அப்பா மீன் பிடிக்கப் போய் படகோடு கடலில் முழுகிப்போனார். அம்மாவும் அவளும் இரண்டு வருஷம் அந்த மேட்டில் கிடந்தார்கள். அம்மா அங்கேயே போய்ச்சேர்ந்தாள். அங்கே எந்த அறைக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் கதவைத் தள்ளிக்கொண்டு வரலாம். வெந்த டர்னிப் கிழங்கு வாசனையும் துணி வெளுக்கிற காரச் சோப்பு வாசனையும் கலந்து எங்கேயாவது வந்தால், இந்த வயதிலும் அல்மைரா அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவாள்.

அப்படி வளர்ந்தவளுக்குத் தானும் வேர் உள்ளவள்தான் என்று காட்ட ஒரு வெறி வந்ததில் ஆச்சரியம் என்ன? ஜொசையா தர்லோ என்று ஒருவர். 1641-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்து, டன்ஸ்டரில் முதன்முதலாக மரம் வெட்டி வீடு போட்ட பத்துப் பேரில் ஒருவர். ஊரில் பாதிப் பேர் அவர் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். அல்மைராவின் அப்பா வழிப் பாட்டனுக்குப் பாட்டன் என்று ஏறிப்போனால் ஜான் பெக் என்பவரிடம் போய் நிற்கும். அந்த ஜான் பெக் கட்டிக்கொண்டது மெர்சி தர்லோவை. இருபது வருஷக் கோடை விடுமுறையை அல்மைரா நகராட்சி நிலவறையிலும் கல்லறைகளிலும் கழித்தாள். மற்ற டீச்சர்கள் கடற்கரையில் வெயில் காயும்போது இவள் செல்லரித்த பதிவேடுகளோடு மல்லுக்கட்டினாள். 1919-ல் ‘ஜொசையா தர்லோவும் அவர் சந்ததியும்’ என்று தலைகாணி கனத்துக்கு ஒரு புத்தகம் வந்தது.

அதற்குப் பிறகு தர்லோ ரத்தம் என்று யார் சொன்னாலும் அல்மைரா தலையாட்ட வேண்டும். எங்கள் அத்தை சொன்னாள், மாமா சொன்னார் என்ற பேச்செல்லாம் அவளிடம் எடுபடாது. “ஆதாரம்னா ஆதாரம்” என்பாள். அதோடு கதை முடிந்தது.

இதில் வெறும் பெருமை மட்டும் இருந்திருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். திமிங்கில எண்ணெய் வியாபாரத்தில் கொழித்த தர்லோ வம்சத்தான் ஒருவன், சாகும்போது துறைமுகத்தைப் பார்த்த பெரிய வீட்டை எழுதி வைத்திருந்தான். ஜொசையாவின் சொந்த ரத்தத்தில் வந்த, ஆதரவற்ற வயதான பெண்களுக்கு அது வீடு. பன்னிரண்டு அறைகள். ரத்தம் இல்லையென்று பிறகு தெரியவந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று உயிலிலேயே எழுதியிருந்தான் மகராசன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அல்மைராவுக்கு அங்கே மூன்றாவது அறை கிடைத்தது. முதல் நாள் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள்.

1932-ல் லிடியா கூம்ப்ஸ் அந்த வீட்டுக்கு மனுப் போட்டாள். வம்சத்தைச் சரிபார்க்க மனு அல்மைராவிடம் வந்தது. மீன் டப்பா தொழிற்சாலையில் கை தேய வேலை செய்து, இருமல் வந்து, வேலை போனவள். அவள் வம்சாவளியில் ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தது. ஜொசையாவின் மகன் வழிப் பேத்தி ஒருத்தியின் கல்யாணப் பதிவு, பழைய தேவாலயம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டது. அடுத்த ஊரான வெஸ்ட் டன்ஸ்டர் தேவாலயத்தில் ஒரு பழைய ஏடு இருப்பது அல்மைராவுக்குத் தெரியும். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அவள் போகவில்லை. பனி என்று சொன்னாள். உண்மை வேறு. ஒருமுறை தேவாலய விருந்தில், வேகவைத்த அவரைப் பருப்பும் கறுப்பு ரொட்டியும் பரிமாறும்போது லிடியா அல்மைராவின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும், “செத்தவங்க பேரை இம்புட்டு எழுதியிருக்கீங்களே டீச்சர், உசிரோட இருக்கறவளுக்கு இதுல ஒரு வாய் சோறு இருக்கா?” என்று கேட்டுச் சிரித்திருந்தாள். மனுவின் அடியில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதினாள் அல்மைரா. லிடியா மேட்டுக்குப் போனாள்.

ஆறு வருஷம் கழித்து, 1938 செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது. படகுகளைக் கொண்டுவந்து கடைத்தெருவில் போட்டது. தேவாலயக் கோபுரத்தைப் பிய்த்தது. பழைய கல்லறையில் இருநூறு வருஷமாக நின்ற எல்ம் மரத்தை வேரோடு சாய்த்தது.

நான்காம் நாள் காலை கல்லறைக் காவலாளி ஏசா கிரின்னல் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அல்மைராவிடம் படித்தவன், அறுபதை நெருங்கியும் அவள் முன்னால் தலையைச் சொறிவான். மரத்தின் வேருக்குள்ளிருந்து ஒரு கல் கிளம்பியிருப்பதாகவும், தர்லோ என்று ஏதோ தெரிவதாகவும் சொன்னான். அல்மைராவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜொசையாவின் கல்லறையே அகப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மழைக்காலணியை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

முழ உயரம்கூட இல்லாத சின்னக் கல். மேலே, அந்தக் காலத்து வழக்கப்படி, சிறகு வைத்த மண்டையோடு செதுக்கியிருந்தது. ஏசா வாளித் தண்ணீரைக் கொட்டினான். மண் கரைந்து எழுத்து வந்தது. ‘மெர்சி, அப்பெயரில் இரண்டாமவள், ஜொசையா தர்லோவின் மகள், 1672-ல் ஒன்பது வயதில் இறந்தாள்.’

அல்மைரா அதை மூன்று முறை படித்தாள். சாய்ந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் காலத்து மனுஷர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு குழந்தை செத்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஊர்ப் பதிவேட்டில் 1661-ல் மெர்சி பிறக்கிறாள், மறு வருஷம் சாகிறாள். 1663-ல் இன்னொரு மெர்சி பிறக்கிறாள். அவள் செத்ததாக எங்கும் இல்லை. 1684-ல் மெர்சி தர்லோவுக்கும் ஜான் பெக்குக்கும் கல்யாணம் என்று இருக்கிறது. வயதும் சரியாக வருகிறது. அப்படியானால் பிழைத்தவள் இரண்டாவது மெர்சி, அவள்தான் மணப்பெண். அல்மைரா மட்டுமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த இரண்டாவது மெர்சியும் ஒன்பது வயதில் மண்ணுக்குள் போய்விட்டாள். செத்த குழந்தைக்குக் கல்யாணம் செய்து வைத்து, அதன் வயிற்றில் தானும் பிறந்ததாகப் புத்தகம் போட்டிருக்கிறாள் அல்மைரா பெக்.

“என்ன டீச்சரம்மா, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்க?” என்றான் ஏசா. “உங்காளுதானே?”

“என் ஆளு இல்லை” என்றாள். சொன்ன பிறகுதான் தன் குரலே அவளுக்குக் காதில் விழுந்தது. உடனே கையால் மண்ணை அள்ளி எழுத்தின் மேல் பூசினாள். யாரிடமும் சொல்லாதே என்று ஏசாவிடம் கேட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கூட்டாளி செய்த திருட்டை மறைத்ததற்காக நீங்கள் என்னை மூலையில் நிறுத்தினீர்களே, நினைவிருக்கிறதா என்று அவன் சிரிக்காமல் கேட்டான். பிறகு ஒரு சாக்கைக் கொண்டுவந்து கல்லை மூடினான்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. மேஜையில் சூப்பை வைத்தால் ஆறிப்போகும். யார் கதவைத் தட்டினாலும், அறையைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று தோன்றும். திறந்தால் துணி துவைக்கிறவள் நின்றுகொண்டிருப்பாள். சாப்பாட்டு அறையில் மற்ற பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். அதில் ஆறு பேர் ஜான் பெக்கைக் கட்டிய அந்த மெர்சி வழியாக வந்தவர்கள். அவளையும் சேர்த்து ஏழு. கண் தெரியாத ஒருத்தி, கால் வராத ஒருத்தி, தன் பெயரையே மறந்துவிட்ட ஒருத்தி. அத்தனை பேரையும் உள்ளே விட்டது அவள் புத்தகம்.

ஏதாவது ஒரு ஆதாரம் இருக்காதா என்று அலைந்தாள். மூன்றாவதாக ஒரு மெர்சி பிறந்திருக்கக் கூடாதா? கடவுளே, ஒன்றே ஒன்று, மூன்றாவதாக ஒரு மெர்சி! நகராட்சி ஏடுகளை மறுபடியும் புரட்டினாள். இல்லை. மிச்சமிருந்தது வெஸ்ட் டன்ஸ்டர் தேவாலயத்தின் ஏடு ஒன்றுதான். அன்றைக்குப் பனியைச் சாக்குச் சொல்லிப் போகாதவள், இப்போது கொட்டுகிற மழையில் பஸ் ஏறினாள். போதகர் ஏட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

கிடைத்தது. 1683-ல் ஞானஸ்நானம் பெற்றவர்களில் ஒரு வரி: ‘மெர்சி, ஜொசையா தர்லோ வீட்டு வேலைக்காரப் பெண். கப்பலில் தாய் இறந்தபோது கைக்குழந்தை. தாய் தந்தை பெயர் தெரியாது.’ அடுத்த வருஷம் ஜான் பெக்கைக் கட்டிக்கொண்டவள் இவள்தான். குடும்பப் பெயர் இல்லாத வேலைக்காரிக்குக் கல்யாணப் பதிவில் எஜமானின் பெயரைப் போட்டுவிட்டார்கள். கூலி வாங்காமல் பாத்திரம் தேய்த்து வளர்ந்த ஒரு நாதியற்ற குழந்தைதான் அல்மைராவின் வேர்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஏட்டை மூடப் போனவள் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே, கறுத்த மையில், ஒரு எழுத்துகூட அழியாமல் லிடியா கூம்ப்ஸின் கண்ணி இருந்தது. ஜொசையாவின் பேத்தியின் கல்யாணம். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், சாட்சிகள், எல்லாம். லிடியா அசல் தர்லோ ரத்தம். நாற்பது நிமிஷப் பஸ் பயணத்துக்குச் சோம்பி, இல்லை, சோம்பல்கூட இல்லை, வீம்புக்கு, ஒருத்தியை மேட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அல்மைரா அந்தத் தேவாலயப் பெஞ்சிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் அப்போதும் பயம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு பதிவையும் தனித்தனித் தாளில் நகல் எடுத்து வந்து, மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அடுப்பில் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தாள். நான்காம் நாள் மத்தியானம் யூனிஸ் ஸ்டாடர்ட் வீட்டுக்குப் போனாள். யூனிஸ் அந்த வீட்டை நிர்வகிக்கும் குழுவின் தலைவி, பணக்கார விதவை, அல்மைராவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஈயக் குவளை ஒன்று இருக்கும். மெர்சி தர்லோ சீதனமாகக் கொண்டுவந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுவாள். ஆமாம், யூனிஸும் மெர்சி பெக் வம்சம்தான்.

அல்மைரா கல்லைப் பற்றிச் சொன்னாள், ஏட்டில் இருந்த இரண்டு பதிவுகளைப் பற்றிச் சொன்னாள். யூனிஸின் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள், வேலைக்காரி எங்கே இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தாள். அப்போதுதான் அல்மைராவுக்கு ஒன்று உறைத்தது. இவளும் பயப்படுகிறாள். சாப்பாட்டுக்கோ கூரைக்கோ குறையில்லாதவள், ஒரு ஈயக் குவளைக்காகப் பயப்படுகிறாள்.

கல்லைக் குப்புறப் போட்டுப் புதைத்துவிடு, நகல்களை என்னிடம் கொடு, உன் அறையில் நிம்மதியாக இரு என்றாள் யூனிஸ். இது வெளியே வந்தால் ஏழு கிழவிகள் தெருவில் நிற்பார்கள், உனக்கு மனசாட்சி இல்லையா என்றும் கேட்டாள். கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் அல்மைராவைப் போட்டு வாட்டியது.

“அந்த ஏழு பேரையும் நான் காட்டிக்குடுக்க மாட்டேன்” என்றாள் அல்மைரா. “கல்லு மண்ணுக்குள்ளயே போயிடட்டும். ஆனா லிடியாவை உள்ள எடுக்கணும், யூனிஸ்.”

“எங்க எடுக்கறது? பன்னண்டு ரூமும் ரொம்பியிருக்கு.”

“ஒண்ணு காலியாகுது.”

யூனிஸுக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும், “உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? யாருக்கும் தெரியாதுடி. நீ ஏன் போகணும்?” என்றாள்.

“ஏழு பேர்ல யாராவது ஒருத்தி எடம் விடணும். லிடியாவுக்கு இல்லைன்னு எழுதின கை என்னோடதுதானே.”

வீரமாகச் சொன்னாள் என்று நினைத்துவிடாதீர்கள். யூனிஸ் ஒரே ஒரு வார்த்தை ‘இரு’ என்று அழுத்திச் சொல்லியிருந்தால் இருந்திருப்பாள். யூனிஸ் சொல்லவில்லை. குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தில் லிடியாவின் மனு நிறைவேறியது. அல்மைரா தன் புத்தகத்தின் தப்பை ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, அந்த ஏழு பேரில் கடைசி ஆள் கண்மூடிய பிறகு திறக்க வேண்டும் என்று குறிப்புப் போட்டு ஏசாவிடம் கொடுத்தாள். உங்களுக்கு முன்னால் நான் செத்தால் என்ன செய்வது என்று அவன் கேட்டான். சாகாதே என்றாள், பழைய டீச்சர் குரலில். அவன் தன் குதிரை வண்டியிலேயே அவள் பெட்டியை ஏற்றினான். அறையை விட்டு வெளியே வரும்போது தாழ்ப்பாளை ஒருமுறை போட்டுத் திறந்தாள். வீட்டில் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

மேடு ஏற ஏற, வண்டியைத் திருப்பு என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தாள். பாதி வழியில் அந்த வாசனை வந்துவிட்டது. டர்னிப், காரச் சோப்பு. அறுபது வருஷம் ஆகியும் ஒரு துளி மாறவில்லை. ஒன்பது வயதுப் பெண்போல ஏசாவின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பார்க்காத மாதிரி குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லிடியா முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. மேட்டைவிட, வாசனையைவிட, அல்மைரா அதிகமாகப் பயந்தது இந்த முகத்துக்குத்தான். கல்யாணப் பதிவின் நகலை நீட்டினாள். லிடியா ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கி, மெதுவாகப் படித்து முடித்தாள்.

“ஆறு வருஷம் கழிச்சுத்தான் பஸ் கிடைச்சுதா, டீச்சர்?”

“நான் அப்பவே போயிருக்கணும்” என்றாள் அல்மைரா. “வேணும்னுதான் போகலை. நீ சிரிச்சியே, அந்தக் கோவம். என்னை மன்னிக்கணும்னு கேக்க வரலை. ரூம் உனக்குன்னு ஆயிடுச்சு, சொல்லிட்டுப் போக வந்தேன்.”

“எந்த ரூம்?”

“மூணாவது.”

“அது உங்க ரூமாச்சே.” லிடியாவின் கண் வண்டிக்குப் போனது, அதில் இருந்த பெட்டிக்குப் போனது, திரும்பி வந்தது. ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. “அடுப்புக்குப் பக்கத்துக் கட்டில் என்னோடது. அதுக்கு இங்க நாலு பேர் காத்துக்கிட்டிருக்காளுங்க. நான் கிளம்பறதுக்குள்ள உங்க பெட்டியை அதுமேல வச்சிடுங்க” என்றாள். பிழிந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் தன் மூட்டையைக் கட்ட உள்ளே போனாள்.

பண்ணையை நடத்துகிறவள் நெட்டி பிராட் என்ற வெளியூர்க்காரி, பருத்த உடம்பு, வாயைத் திறந்தால் வேலைதான் பேச்சு. ஒரு நோட்டை எடுத்துப் பெயரைக் கேட்டாள். அல்மைரா பெக் என்றாள் இவள். நெட்டி எழுதினாள். அடுத்து, யார் வீட்டுப் பெண், எந்த வழி, என்ன ஆதாரம் என்று கேட்பாள் என்று அல்மைரா காத்துக்கொண்டு நின்றாள். நாற்பது வருஷம் அவள் எல்லாரையும் கேட்ட கேள்வி அது. நெட்டி நோட்டை மூடிவிட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றாள் அல்மைரா.

“வேற என்ன வேணும்? உருளைக்கிழங்கு தோல் உரிப்பீங்களா?”

“எங்க வம்சம் மெர்சின்னு ஒருத்தியோடது” என்றாள் அல்மைரா. யாரும் கேட்கவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அறுபது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையான ஆதாரத்தோடு சொன்னாள். “ஜொசையா தர்லோ வீட்ல பாத்திரம் தேய்ச்சவ. அப்பா அம்மா யாருன்னு தெரியாது.”

நெட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப வேலை தெரிஞ்ச குடும்பம்தான். வாளி அங்க இருக்கு, கத்தி ஜன்னல்ல இருக்கு” என்றாள்.

அல்மைரா கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கிழங்கில் பாதிச் சதையும் தோலோடு போய்விட்டது.